ஒரு லயத்துக்கு ஒருத்தரா, ஒரே லயத்தில் நாலு பேரா?

இரண்டு நாள் பயிற்சி, ஆறு இடம். மண்சரிவு அபாயம் வரும்போது சனத்தை வீட்டிலிருந்து கிளப்பிக் கூட்டிப்போவதற்கு, இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிரிவான எங்கள் டிவிஷனிலிருந்து ஆறு பேரை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு டோர்ச், ஒரு விசில், ஒரு மழைக்கோட்டு. டிவிஷன் முழுவதற்கும் ஒரு மழைமானி. யாரை அனுப்புவது என்று கோயில் மண்டபத்தில் கூடினோம். ஒன்றரை மணி நேரம் பேசியும் முடியவில்லை.

நாலு யோசனை வந்தது. தொழிற்சங்கத் தலைவரையும் அவரோடு சேர்ந்தவர்களையும் அனுப்பினால் போதும், அவர் சொன்னால் யாரும் தட்ட மாட்டார்கள் என்றது ஒரு பக்கம். ஒரு லயத்துக்கு, அதாவது ஒட்டி நிற்கிற ஒரு வரிசை வீடுகளுக்கு, ஒருத்தர் என்று பிரிப்பதுதான் நியாயம் என்றது இன்னொரு பக்கம். லயம் எட்டு, இடம் ஆறு என்பதை அந்த நேரம் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. முன்பள்ளி டீச்சர், நாம் யாரையும் பொறுக்க வேண்டாம், வீடு வீடாகப் போய் "ஒரு சங்கதின்னா உங்களுக்கு யாரு வாயால தெரிய வருது?" என்று கேட்டு வருவோம் என்றார். பின்னால் தூணில் சாய்ந்துகொண்டிருந்த ஒரு பொடியன், மேட்டுக்கு அடியில் இருக்கிற லயத்திலேயே பக்கத்துப் பக்கத்து வீடாகப் பார்த்து நாலு பேரைப் போட்டால் என்ன என்று கேட்டான். அவனுடைய வீடும் அந்த லயத்தில்தான். அதனால் எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு பழக்கமோ பேச்சோ ஆள்விட்டு ஆள் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எனக்குக் கொஞ்ச நாளாகப் பிடித்த வேலை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் பட்டது: அந்த நாலு பேச்சுக்குப் பின்னாலும், பேசியவர்களுக்கே தெரியாமல், ஆய்வாளர்கள் பல ஆண்டாக மல்லுக்கட்டிவரும் ஒவ்வொரு கணக்கு இருக்கிறது. எந்தக் கணக்கை நம்புகிறோமோ அதற்கேற்ப ஆள் மாறும்.

முதலில் வதந்திக் கணக்கு. 1927இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் தொற்றுநோய்க்கு ஒரு கணக்குப் போட்டார்கள். நோய் வராதவர், நோயுள்ளவர், நோய் வந்து தேறியவர் என்று ஊரை மூன்றாகப் பிரித்து, ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்கு ஆட்கள் எந்த வேகத்தில் போகிறார்கள் என்று பார்ப்பது. பேச்சும் அப்படித்தானே பரவுகிறது என்று பலர் அதையே செய்திக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1964இல் டேலியும் கெண்டலும் ஒரு வித்தியாசத்தைப் பிடித்தார்கள். காய்ச்சல் தானாகத் தேறும். வதந்தி சொல்கிறவன் வாயை மூடுவது, "அட, எனக்கு அப்பவே தெரியுமே" என்று எதிரே நிற்கிறவன் சொல்லும்போது. அதற்குமேல் சொல்வதில் அவனுக்கு ருசி இல்லை.

அவர்களுடைய கணக்கில், ஒரு பெரிய கூட்டத்தில் ஒருவர் வாயிலிருந்து கிளம்பும் வதந்தி அடங்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பேர் காதில் அது விழுந்தே இருக்காது. எங்கள் டிவிஷனில் 96 வீடு. வீட்டை ஆளாக எடுத்துக்கொண்டால் 20 வீட்டுக்குச் சேதி போகாது. எல்லாரும் எல்லாரையும் சந்திப்பார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. மழை இருட்டில் தோட்டத்து நிலைமை அதைவிட மோசமாகத்தான் இருக்கும். ஆனால் இதற்கு மருந்து சுலபம், கோயில் மைக்கைப் போட்டால் தீர்ந்தது. சேதியைக் காதில் போடுவதற்கு மட்டும் என்றால் ஆறு பேருக்கு இரண்டு நாள் பயிற்சி எதற்கு?

சேதி எங்களிடம் போய்ச் சேராத ஒன்றல்ல. போன மழைக்காலத்தில் ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு எச்சரிக்கை வந்தது. கொழும்பில் கடைகளில் நிற்கிற பொடியன்கள் அதற்குள் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். எட்ட இருக்கிற ஆட்களின் வழியாகத்தான் புதுச் சேதி நம்மிடம் வருகிறது என்று 1973இல் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் எழுதினார். கூடவே இருப்பவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதானே தெரியும்? ஒன்பது மணிக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பதினொரு மணிக்குப் பாடசாலைக் கட்டடத்தில் போய்ப் பார்த்தால் மூன்றே குடும்பம்.

மறுநாள் என் சித்தியிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். சாயத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஒத்தயா போய் ஸ்கூல்ல படுத்துட்டு, ஒண்ணும் நடக்காம விடிஞ்சு திரும்பி வந்தா, பீலியடியில என்ன பேச்சு பேசுவாங்க தெரியுமா? பக்கத்து வூட்ல ரெண்டு பேரு கெளம்பியிருந்தா நானும் கெளம்பியிருப்பேன்."

கணக்கு முழுவதும் இந்த ஒரு பேச்சில் இருக்கிறது. சித்திக்குச் சேதி தெரியும், நம்பவும் செய்தார். அவருக்குக் குறைந்தது கூடப் போக இரண்டு வீடு.

அதே கிரனோவெட்டர் 1978இல் இதைக் கணக்காக்கினார். ஒவ்வொருவருக்கும் ஒரு எல்லை உண்டு, 'எனக்கு முன் இத்தனை பேர் செய்தால் நானும் செய்வேன்' என்று. வாசலைத் தாண்டுவது பற்றிய பேச்சு என்பதால் நான் இதை வாசல் கணக்கு என்றே சொல்லிக்கொள்கிறேன். அவர் கலவரத்தை வைத்துச் சொன்னார். நமக்கு வேலைநிறுத்தம்தான் பழக்கம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு நூறு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவர் யாரையும் பாராமல் நான் மலைக்குப் போக மாட்டேன் என்கிறார். அடுத்தவருக்கு ஒருவர் நின்றால் போதும். அதற்கு அடுத்தவருக்கு இரண்டு பேர். இப்படியே கடைசி ஆளுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நிற்க வேண்டும். மளமளவென்று நூறு பேரும் நின்றுவிடுவார்கள். இப்போது இரண்டாவது ஆளை மட்டும் மாற்றுங்கள், ஒருவர் போதும் என்றிருந்தவருக்கு இரண்டு பேர் வேண்டும் என்று ஆகட்டும். முதல் ஆள் தனியே நிற்பார், மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் கூடையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவன் முதல் தோட்டத்துச் சனம் வீரமானது, இரண்டாவது தோட்டத்துச் சனம் பயந்தது என்று எழுதிவிட்டுப் போவான். இரண்டுக்கும் இடையில் மாறியது ஒரே ஒரு ஆளின் மனசு.

இதை நான் தீக்குச்சியை வைத்துப் போட்டுப் பார்த்தேன். கணினி தேவையில்லை, நீங்களும் போடலாம். பன்னிரண்டு குச்சியை வரிசையாக அடுக்குங்கள். ஒற்றை லயம், பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் இடப்பக்கம் இரண்டு வீடு, வலப்பக்கம் இரண்டு வீடு நெருக்கம் என்று வைப்போம். அதற்குமேல் உள்ள வீட்டு நடமாட்டம் அந்த இருட்டில் தெரியாது.

சேதிக்கு ஒரு வாய் போதும். 3ஆம் வீட்டிலும் 9ஆம் வீட்டிலும் தெரிந்திருந்தால் இரண்டே சுற்றில் பன்னிரண்டு வீட்டுக்கும் போய்விடுகிறது. 5, 6 என்று ஒட்டிய வீடுகளில் தொடங்கினால் மூன்று சுற்று. ஆக, சேதி என்றால் ஆட்களைத் தள்ளித் தள்ளிப் போடுவதே நல்லது.

இப்போது சித்தியின் விதியைப் போடுங்கள்: நெருக்கமான நாலு வீட்டில் இரண்டு வீடு கிளம்பினால்தான் நான் கிளம்புவேன். 3ஆம் வீடும் 9ஆம் வீடும் கிளம்புகின்றன. 4ஆம் வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார், கிளம்பியது ஒரு வீடு. 5ஆம் வீட்டுக்கும் ஒன்று. 6ஆம் வீட்டுக்கு அதுவும் இல்லை. 7க்கும் 8க்கும் தெரிவது 9ஆம் வீடு மட்டும். ஒருவரும் அசையவில்லை. இரண்டு குடும்பம் போய்ப் பாடசாலையில் குளிரில் படுத்திருக்கும், பத்துக் குடும்பம் லயத்தில். அதே விதிக்கு 5ஐயும் 6ஐயும் எடுங்கள். 4க்கும் 7க்கும் இரண்டு வீடு தெரிகிறது, கிளம்பிவிட்டார்கள். அடுத்து 3, 8. பிறகு 2, 9. ஆறாவது சுற்றில் கடைசிக் குச்சியும் போய்விட்டது.

இரண்டு முறையும் இரண்டே ஆள்தான். சேதிக்கு எது வேகமோ அதே ஏற்பாடு கிளம்புவதற்கு ஒன்றுக்கும் உதவவில்லை. குச்சிகளைக் கலைத்துக் கலைத்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், அவ்வளவு சந்தேகம் எனக்கு.

இதை எளிய தொற்று, சிக்கல் தொற்று என்று பிரித்து 2007இல் எழுதியவர்கள் சென்டோலாவும் மேசியும். ஆபத்து, செலவு, வெட்கம் இவற்றில் ஏதாவது ஒன்று கலந்த காரியம் ஒருவரைப் பார்த்து ஒட்டாது, பல பக்கத்திலிருந்து தள்ள வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 2010இல் சென்டோலா இணையத்தில் 1,528 பேரை வைத்துச் சோதனையும் செய்தார். ஒரு பாதிப் பேரை லயம்போல நெருங்கிய வளையங்களாக இணைத்தார், மறு பாதியைக் கண்டபடி கலைத்து இணைத்தார். ஒரு சுகாதார இணையதளத்தில் சேர்ந்தவர்கள் நெருங்கிய வளையத்தில் சுமார் 54 சதவீதம், கலைத்த வலையில் 38 சதவீதம். இணையத்தில் ஒரு பெயரைப் பதிவது எங்கே, நடுராத்திரியில் பிள்ளைகுட்டியோடு கிளம்புவது எங்கே என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டியதுதான். நமக்கு நெருக்கமானது மலாவி நாட்டில் 200 கிராமங்களில் நடந்தது. குழி வெட்டி நடும் ஒரு விவசாய முறையைப் பரப்ப ஊருக்கு இரண்டு விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கம்போல விவசாய அலுவலர் தன் இஷ்டத்துக்குப் பொறுக்கிய ஊர்களைவிட, வாசல் கணக்கைப் போட்டு இரண்டு பேரையும் தேர்ந்த ஊர்களில் அந்த முறை அதிகம் பரவியது. புது முறையைத் தெரிந்த இரண்டு பேரை ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். பொடியன் சொன்னதும் இதுவே.

பாஸ் என்பவர் 1969இல் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. கம்பனிக்காரர்கள் இன்றுவரை அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு புதுப் பொருளை விளம்பரம் பார்த்து வாங்குகிறவர் ஒரு பக்கம், அடுத்தவரைப் பார்த்து வாங்குகிறவர் ஒரு பக்கம், இரண்டையும் கூட்டினால் எந்த ஆண்டு எத்தனை விற்கும் என்று சொல்லும். பல பொருளுக்குப் பார்த்துக் கண்ட சராசரி எண்களைப் போட்டால் விற்பனை உச்சத்துக்கு வர ஆறு ஆண்டு ஆகும். நமக்கு இருப்பது ஒரு ராத்திரி. அதோடு அந்தக் கணக்கில் யார் பக்கத்தில் யார் என்பதே கிடையாது. பத்து மாவட்டத்துக்கு எத்தனை மழைமானி வாங்குவது என்று கொழும்பில் உட்கார்ந்து தீர்மானிக்கிறவருக்கு அது உதவும், எங்களுக்கு உதவாது.

அப்புறம் தலைவர். அவரை எல்லாருக்கும் தெரியும், வலையில் அதிகக் கோடு அவரிடமிருந்துதான் போகும். அவரை முதலில் பிடி என்பது எல்லாருக்கும் தோன்றுகிற யோசனை. ஹொண்டுராஸ் நாட்டில் 32 ஊர்களில் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். அதிகம் பேருக்குத் தெரிந்த ஆட்களைப் பார்த்து வைட்டமின் மாத்திரையும் தண்ணீருக்குப் போடும் குளோரினும் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆள் பொறுக்கிய ஊர்களைவிட அதனால் ஒன்றும் கூடவில்லை. யாரையாவது ஒருவரைப் பிடித்து அவருடைய சிநேகிதர் ஒருவரின் பெயரைக் கேட்டு, அந்தச் சிநேகிதரிடம் கொடுத்த ஊர்களில் வைட்டமின் அதிகம் பரவியது. குளோரினில் அந்த வித்தியாசம் இல்லை. காரியத்துக்குக் காரியம் பரவும் வழி வேறு என்பதை அந்த ஒரே ஆய்வில் பார்க்கலாம்.

என் அனுபவத்தில் தலைவர் பேச்சுக்கு இன்னொரு விலை உண்டு. அவர் ஒரு சங்கம். எதிர்ச் சங்கத்துக் குடும்பங்கள் அவர் வெளியேறச் சொன்னால் 'இது யாருடைய வேலை' என்று முதலில் யோசிக்கும். வாசல் கணக்கில் இதற்கு ஒரு எதிர்மறை எண் வேண்டும்: சிலர் கிளம்புவதைப் பார்த்தால் சிலர் வேண்டுமென்றே கிளம்ப மாட்டார்கள். நான் பார்த்த எளிய கணக்குகளில் அப்படி ஓர் ஆளே இல்லை. மலையகத்தில் கணக்கெழுதியிருந்தால் முதல் பக்கத்திலேயே சேர்த்திருப்பார்கள்.

டீச்சர் சொன்ன வழிக்கும் ஆதாரம் இருக்கிறது. பானர்ஜி, டுப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் கர்நாடகக் கிராமங்களில், 'ஒரு சேதியைப் பரப்ப வேண்டுமென்றால் யாரிடம் சொல்வது நல்லது?' என்று ஊராரையே கேட்டார்கள். ஊரார் காட்டிய ஆட்கள், ஊர்ப் பெரியவர்களையும் கண்மூடிப் பொறுக்கிய ஆட்களையும்விட நன்றாகப் பரப்பினார்கள். முழு வலையையும் வரைந்து பார்க்க வேண்டியதில்லை, யார் நடுவில் இருக்கிறார் என்று சனத்துக்கே தெரியும். எங்கள் தோட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டால் விடை நிச்சயம் லயத்துக்குள் நிற்காது. ஒரே மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுக்கிறவர்கள், மடுவத்தில் நிறுவைக்குக் காத்திருக்கிறவர்கள், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா ஆயா என்றுதான் வரும். பெண்களின் வலை எட்டு லயத்தையும் குறுக்கே கட்டுகிறது. ஆண்களுடையது பெரும்பாலும் கடைச்சந்தியோடு முடிகிறது.

ஆனால் பெயர் கேட்டு எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. 1948 குடியுரிமைச் சட்டமும் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் பார்த்த குடும்பங்கள் இவை. யார் இருப்பது, யார் போவது என்று பெயர் எழுதிப் பிரித்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய் "யார் பேச்சை நீங்க கேப்பீங்க?" என்று கொப்பியைத் திறந்தால், வயசானவர்கள் முதலில் கொப்பியைத்தான் பார்ப்பார்கள். யார் சொன்னால் யார் கேட்பார் என்ற வரைபடம் தேர்தல் நேரத்தில் யார் கைக்குப் போனாலும் விலை போகும். அதனால் எழுதாமல் கேட்போம், இரண்டு பெயருக்குமேல் வேண்டாம் என்று டீச்சரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார்.

கணக்கை நம்பி இன்னொரு இடத்தில் ஏமாறலாம். ஒரு லயமே சேர்ந்து கிளம்பினால் ஒருவரைப் பார்த்து ஒருவர் கிளம்பினார் என்று எழுதிவிடுவோம். எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே நேரத்தில் சேற்றுத் தண்ணீர் வந்திருக்கலாம். சொந்தக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்கள் புத்தி முதலிலேயே ஒரே மாதிரி இருந்திருக்கலாம். இதைப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்று 2011இல் ஷாலிசியும் தாமஸும் விளக்கியிருக்கிறார்கள். வெறுமனே யார் எப்போது கிளம்பினார் என்று பார்த்து மட்டும் பிரிக்க முடியாது.

இதைவிடப் பெரியது ஒன்று. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலையில் மண்மேடு இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சேதியும் பரவாமல் இல்லை. ஆனால் அங்கே கேட்டது ஒரு ராத்திரிக்குக் கிளம்புவதை அல்ல, நிரந்தரமாகப் போவதை. வீடும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம், போவதற்கு வேறு இடம் வேண்டும். 'எங்கே போவது' என்பதற்கு மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் ஒரு கட்டம் இல்லை. வெளியேறாதவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று பேசுகிறவர்கள் வாசலை மட்டும் பார்க்கிறார்கள், வாசலுக்கு அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. ஒரு ராத்திரிக்குப் பாடசாலை திறந்திருந்தால் போதும் என்ற அளவுக்குத்தான் என் தீக்குச்சிக் கணக்கு செல்லும். சாவி யாரிடம் என்று முதலில் கேட்க வேண்டும். போன தடவை சாவி வைத்திருந்தவர் டவுனில் இருந்தார், மூன்று குடும்பமும் வராந்தாவில்தான் படுத்தது.

ஆறு இடத்துக்கு வருகிறேன். நியாயம் என்று பார்த்தால் லயத்துக்கு ஒருத்தர்தான். சனமும் அதைத்தான் விரும்பும், பிறகு சண்டை வராது. ஆனால் அது 3ஆம் வீடு, 9ஆம் வீடு ஏற்பாடுதான், அதுகூட இல்லை, லயத்துக்கு ஒரே ஒரு குச்சி. எட்டு லயத்துக்கும் சேதி போகும், ஒரு லயமும் கிளம்பாது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அதனால் மேட்டுக்கு அடியில் இருக்கிற லயத்துக்கு நாலு இடம் கேட்டேன், அதுவும் 5, 6, 7, 8 என்று ஒட்டிய காம்பராக்களில். அது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்பது அப்புறம்தான் உறைத்தது. முன்பக்கத்து ஆட்கள் கிளம்புவது பின்பக்கத்துக்குத் தெரியாது. சுவருக்கு மேலே கூரைக்குக் கீழே உள்ள இடைவெளி வழியாகச் சத்தம்தான் கேட்கும். ஆகவே முன்பக்கம் ஒட்டியபடி இரண்டு பேர், அதே காம்பராக்களுக்கு நேர் பின்னால் இரண்டு பேர். மீதி இரண்டு இடம் டீச்சர் கேட்டு வரும் பெயர்களுக்கு. அவர்கள் மற்ற லயங்களுக்குச் சேதியைக் கொண்டுபோவார்கள், மழைமானியும் அவர்கள் பொறுப்பு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனமாக இருக்க, 100ஐத் தாண்டினால் மூட்டையைக் கட்ட, 150ஐத் தாண்டினால் கிளம்ப. தலைவருக்கு இடம் இல்லை. அன்றைக்கு மைக்கில் பேசுவது அவர், பாடசாலைச் சாவியை வாங்கி வைத்திருப்பதும் அவர். அதை அவர் பயிற்சியைவிடப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

மேல் லயத்தார் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டீச்சர் கேட்டு வந்ததில் ஒரு பெயர் பிள்ளைக்காம்பரா ஆயா, அதில் யாருக்கும் பேச்சில்லை. இன்னொன்று, பதினேழு வீட்டில் ஒரே பெயராக வந்தது, அறுபத்தெட்டு வயசுப் பாட்டி. இரண்டு நாள் பயிற்சிக்கு ஹட்டனுக்கு பஸ் ஏறி வருவீர்களா என்று கேட்டதற்கு, "அந்த விசில மட்டும் குடு, ஊதிப் பாக்கறேன்" என்று கையை நீட்டினார்.